எழுதிய சிறுகதைகளை இணையத்தில் எங்கே, எப்படி வெளியிடுவது?

கரிசல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். அவற்றில் சிலவற்றை முகநூலில் பொதுப் பதிவாக வெளியிட்டேன். பெரும்பகுதி இன்னும் மடிக்கணினியிலேயே கிடக்கிறது. முகநூலில் வரும் மறுமொழிகள் எல்லாம் 'அருமை டீச்சர்', 'கண் கலங்கிவிட்டது' என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. கதை எங்கே தொய்கிறது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. போதாக்குறைக்கு, அவற்றுள் ஒரு கதையை யாரோ முழுவதுமாக வாசித்து யூடியூபில் ஏற்றியிருக்கிறார்கள். எங்கும் என் பெயர் இல்லை.

மீதிக் கதைகளை என்ன செய்வது என்பதே என் கேள்வி. கதைச் செயலிகளில் போட்டால் ஆயிரக்கணக்கானோர் படிப்பார்கள் என்கிறார் உடன் பணிபுரியும் தோழி. இணைய இதழ்களுக்கு அனுப்புவதுதான் முறை என்கிறார் எங்கள் நூலகர். யூடியூப் விவகாரத்தில் செய்யக்கூடியது ஏதேனும் உண்டா என்றும் சொல்லுங்கள். என் எழுத்து எப்படிப்பட்டது என்று தெரிவதற்காக, இன்னும் எங்கும் வெளியிடாத ஒரு கதையின் தொடக்கத்தைத் தருகிறேன்:

"கீழ்வானம் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. பறவைகள் கூடுகளை விட்டு இரை தேடப் புறப்பட்டன. அந்த அழகிய கிராமத்தில் முத்தம்மாளுக்கும் அன்றைய பொழுது வழக்கம்போலவே விடிந்தது. கணவனை இழந்தபின் இரண்டு பிள்ளைகளைக் கரைசேர்க்கும் பாரம் அவள் தலையில்தான் இருந்தது. அன்று சனிக்கிழமை, சம்பள நாள். கவரில் நூறு ரூபாய் குறைவதை தீப்பெட்டி ஆபீஸ் வாசலைத் தாண்டிய பிறகுதான் அவள் கவனித்தாள்."

நடைவண்டி:

கரிசல்வாசி அவர்களுக்கு வணக்கம். எங்கே வெளியிடுவது என்று முடிவெடுக்கும் முன், ஒரு கதைக்கு முதல் வெளியீடு ஒரே ஒரு முறைதான் வாய்க்கும் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். இதழ்களும் போட்டிகளும் 'வேறெங்கும் வெளிவராத படைப்பு' என்று கேட்கும்போது அச்சில் வந்ததை மட்டும் குறிப்பதில்லை. முகநூலையும் வலைப்பூவையும் சேர்த்தே சொல்கின்றன, பல இடங்களில் அதை வெளிப்படையாகவே எழுதியும் வைத்திருக்கிறார்கள். ஆகவே ஏற்கெனவே பொதுப் பதிவாக வந்த கதைகளைப் பிற்காலத் தொகுப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். அவற்றை இதழுக்கு அனுப்புவதானால், முன்பு எங்கே வந்தது என்பதை மின்னஞ்சலிலேயே தெரிவித்துவிடுவது நல்லது. மடிக்கணினியில் இருப்பவைதான் உங்கள் கைமுதல். அவற்றைப் பொதுவெளியில் போடாதீர்கள்.

உங்கள் நூலகர் பக்கமே நானும் நிற்கிறேன். தமிழில் இணைய இதழ் என்பது புதிய வழக்கமன்று. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு வாசகரைப் படாதபாடு படுத்திய காலத்திலிருந்தே 'திண்ணை' இதழும், கனடாவிலிருந்து வரும் 'பதிவுகள்' இதழும் கதைகளை வெளியிட்டு வந்திருக்கின்றன. சொல்வனம் 2009 முதல் வருகிறது. மலேசியாவிலிருந்து வல்லினம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்த சுவை உண்டு என்பதால், சில இதழ்களையாவது படித்துப் பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். படிக்காமல் அனுப்பினால் ஆசிரியருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

அனுப்பும்போது கதை யூனிகோடில் இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் எழுத்துரு மாற்றியில் இட்டு மாற்றிவிட்டு, ஒருமுறை முழுவதும் படித்துப் பாருங்கள். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். பிடிஎஃப் வேண்டாம், திருத்தக்கூடிய கோப்பாகவே அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. பதில் வரத் தாமதமானால் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால், கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிவிட்டு வேறிடம் அனுப்பலாம். சன்மானத்தை எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலான இணைய இதழ்கள் ஆர்வலர்களின் கைக்காசில் நடப்பவை.

சட்டப்புத்தகம்:

யூடியூப் விவகாரத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதி முடித்த கணத்திலேயே கதையின் உரிமை உங்களுடையதாகிவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்பு ஒன்றுக்குக் கட்டணம் 500 ரூபாய்தான், பிற்பாடு வழக்கென்று வந்தால் அது ஒரு சான்றாக உதவும். வெளிவந்த படைப்பிலிருந்து நியாயமான அளவுக்கு ஒரு பகுதியைப் பொது இடத்தில் வாசிக்கச் சட்டம் இடமளிக்கிறது. முழுக் கதையையும் ஒலிப்பதிவு செய்து ஏற்றுவது அதில் அடங்காது. உங்கள் பெயரைச் சொல்லாமல் விட்டது தனிக் குற்றச்சாட்டு: படைப்பு தன்னுடையது என்று உரிமை கோருவதற்கும், அது சிதைக்கப்படுவதைத் தடுப்பதற்கும் எழுத்தாளருக்கு உள்ள உரிமையை 57ஆம் பிரிவு காக்கிறது. பதிப்புரிமையை விற்றுவிட்ட பிறகும் இந்த உரிமை எழுத்தாளரிடமே இருக்கும்.

முதலில் அந்தக் காணொளியின் முகவரி, வெளியான தேதி, திரைப்பிடிப்பு ஆகியவற்றையும், உங்கள் முகநூல் பதிவின் தேதி தெரியும் திரைப்பிடிப்பையும் சேமித்துக்கொள்ளுங்கள். அதன்பின் யூடியூபின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்பினால் போதும். இந்திய விதிகளிலும் ஒரு வழி உண்டு. 2013ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதியின்படி எழுத்துமூலம் புகார் தந்தால், தளத்தை நடத்துவோர் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். ஆனால் 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவருவதாக நீங்கள் உறுதி தர வேண்டியிருக்கும். தவறினால் அவர்கள் மீண்டும் திறந்துவிடலாம். ஒரு சிறுகதைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியிராது என்றே எண்ணுகிறேன். போக நேர்ந்தாலும், 62ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். எதிராளியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

போட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். பரிசுத் தொகையைப் படிப்பதற்கு முன் விதிமுறைகளைப் படியுங்கள். 'அனுப்பப்படும் கதைகள் அனைத்தின் உரிமையும் எங்களுக்கே' என்று எழுதியிருந்தால், பரிசு பெறாத கதைக்கும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும் சட்டம் சொல்வது நமக்குச் சாதகம்தான்.

இரவுப்பேருந்து:

அக்கா, நடைவண்டி ஐயா செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். 2014இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட பிரதிலிபி போன்ற தளங்கள், எந்த ஆசிரியரையும் கேட்காமல் நேரடியாக வாசகரிடம் போக வழி செய்தன. இரவு வேலை முடிந்து பேருந்தில் வரும்போது கைப்பேசியில் படிப்பவர்கள், அடுப்படி வேலைகளுக்கு இடையே ஓர் அத்தியாயம் படிப்பவர்கள் என்று இதழ்களின் பக்கமே வராத பெரும் வாசகர் கூட்டம் அங்கே இருக்கிறது. அவர்களை மட்டமாக நினைப்பது சரியல்ல. நானே அங்கே ஒரு தொடர்கதை எழுதுகிறேன். ஒரு கதாபாத்திரம் மூன்றாம் அத்தியாயத்தில் சொன்னதை ஒன்பதாம் அத்தியாயத்தில் மாற்றிப் பேசியதை வாசகர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

ஆனால் அந்த இடம் தொடர்கதைக்கானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்த பகுதி எப்போது என்று கேட்டுப் பழகிய வாசகருக்கு, முடிவில் ஒரு மௌனத்தை விட்டுச் செல்லும் சிறுகதை முடியாத கதையாகவே தோன்றும். அக்காவின் கதைகள் ஒரே அமர்வில் படிக்க வேண்டியவை என்றால், அவற்றுக்கு இதழ்களே பொருத்தம்.

பிற்பாடு அமேசானின் கிண்டிலில் மின்னூல் தொகுப்பாகப் போடும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்குள்ள கேடிபி செலக்ட் (KDP Select) திட்டத்தில் சேர்ந்தால், 90 நாள் கொண்ட ஒவ்வொரு தவணையிலும் அந்த மின்னூலின் உள்ளடக்கம் வேறெங்கும் மின்வடிவில் கிடைக்கக் கூடாது. உங்கள் வலைப்பூவில் இலவசமாக இருப்பதும் விதிமீறல்தான். இந்தியாவில் விற்கும் பிரதிகளுக்கு 70 விழுக்காடு உரிமைத்தொகை வேண்டுமென்றால் அந்தத் திட்டத்தில் சேர்ந்தாக வேண்டும், இல்லையேல் 35 விழுக்காடுதான். இணைய இதழில் வந்த கதையைத் தொகுப்பில் சேர்க்கும்போது இது குறுக்கே நிற்கும்.

பிழைதிருத்தி:

எங்கே அனுப்புவது என்பதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். எதை அனுப்புவது என்பதை யாரும் தொடவில்லை. அம்மா, நீங்கள் தந்த பகுதியில் ஆறு வாக்கியங்கள் இருக்கின்றன. முதல் ஐந்தையும் அடித்துவிடுங்கள்.

வானம் சிவப்பதும் பறவைகள் புறப்படுவதும் எந்த ஊர்க் கதைக்கும் பொருந்தும். 'அழகிய கிராமம்' என்கிறீர்கள். உங்கள் பக்கத்துக் கரிசல் மண்ணையும் வேலிக்கருவையையும் அறிந்தவர் எவரும் அந்தச் சொல்லை அங்கே போடமாட்டார். அவள் கைம்பெண் என்பதையும், பாரம் அவள் தலையில் என்பதையும் நீங்களே சொல்லிவிட்டதால் வாசகருக்குக் கண்டுபிடிக்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஆறாவது வாக்கியம் அப்படிப்பட்டதன்று. கவர், நூறு ரூபாய், தீப்பெட்டி ஆபீஸ் வாசல், தாண்டிய பிறகு கவனித்தது என்று எல்லாமே குறிப்பாக இருக்கின்றன. இனி அவள் திரும்பி உள்ளே போவாளா, போனால் கணக்கப்பிள்ளையிடம் எந்தக் குரலில் கேட்பாள், கேட்டால் திங்கட்கிழமை வேலை இருக்குமா என்ற கேள்விகளெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கின்றன. கதை அங்கேதான் தொடங்குகிறது. சனிக்கிழமை, சம்பள நாள் என்பதையும் அதற்குள்ளேயே நுழைத்துவிடலாம்: "சனிக்கிழமைக் கவரில் நூறு ரூபாய் குறைவதை தீப்பெட்டி ஆபீஸ் வாசலைத் தாண்டிய பிறகுதான் முத்தம்மாள் கவனித்தாள்." பிள்ளைகள் வர வேண்டிய இடத்தில் தாமாகவே வருவார்கள்.

கதையின் முடிவை நீங்கள் காட்டவில்லை. 'ஏழைகளின் கண்ணீருக்கு விலை ஏது' என்பதுபோல ஏதேனும் கடைசி வரியாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். முகநூலில் கண் கலங்க வைப்பவை பெரும்பாலும் அந்த வரிகள்தாம்.

இப்படிப்பட்ட வாசிப்பு உங்களுக்குத் தொடர்ந்து தேவை. பொதுவெளியில் அது கிடைக்காது. தெரிந்தவர்கள் நிறைந்த சபையில் எவரும் குறை சொல்லமாட்டார்கள். எழுதுகிறவர்களாகவே நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மூடிய மின்னஞ்சல் குழுவை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கதை அனுப்பினால் மற்றவர்கள் எந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினோம், எந்தப் பெயர் குழப்பியது, எதை நம்ப முடியவில்லை என்று எழுத வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு அங்கே இடமில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய சிறு குழுவில் பகிர்வதை வெளியீடாகக் கருதும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

கரிசல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாக்கியங்களையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். பிழைதிருத்தி ஐயா சொன்னது சரிதான். கடைசி வரியைப் பற்றி அவர் ஊகித்ததும் ஏறக்குறைய சரி. இன்னும் ஒரு சந்தேகம். என் மாணவிகள் பலரின் தாய்மார்கள் தீப்பெட்டி வேலைக்குப் போகிறவர்கள். தங்களைத்தான் எழுதியிருக்கிறேன் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதால் இனிப் புனைபெயரில் எழுதலாமா என்று யோசிக்கிறேன். அதனால் உரிமைக்குப் பாதகம் உண்டா?

சட்டப்புத்தகம்:

பாதகம் இல்லை. ஒரே வேறுபாடு காலக் கணக்கில்தான் வரும். சொந்தப் பெயரில் வெளியான படைப்புக்கு ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. புனைபெயரில் வெளியானதற்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள். அந்தக் காலம் முடிவதற்குள் எழுதியவர் யார் என்பது வெளிப்படுத்தப்பட்டால் சொந்தப் பெயருக்கான கணக்கே பொருந்தும். இதழாசிரியரிடம் மட்டும் உண்மைப் பெயரைச் சொல்லி வைத்திருங்கள்.

யூடியூப் புகாரை அனுப்பும் முன் இதைக் கவனியுங்கள். படிவத்தில் சட்டப்படியான முழுப் பெயரைத் தர வேண்டும். புகார் தந்தவரின் விவரங்கள் காணொளியை ஏற்றியவருக்குப் போய்ச் சேரக்கூடும், நீக்கப்பட்ட காணொளி இருந்த இடத்தில் பெயரும் தெரியக்கூடும். இப்போதைய புகார் உங்கள் பெயரிலேயே வெளியான கதையைப் பற்றியது என்பதால் தயங்க வேண்டியதில்லை. பின்னாளில் புனைபெயர்க் கதை எதையாவது யாராவது எடுத்தாண்டால், நீங்களே புகார் தராமல் உங்கள் சார்பில் ஒரு வழக்கறிஞரைக் கொண்டு அனுப்புங்கள்.