ஃபலனொப்சிஸ் மொட்டு விரியாமலே உதிருது, கச்சான் காத்துக்கு என்ன செய்யலாம்?

கேள்வி (உவர்மலை)

வணக்கம். திருகோணமலை உவர்மலையில இருந்து எழுதுறன். போன வருசம் கண்டிப் பக்கம் போய் வரேக்க ஒரு ஃபலனொப்சிஸ் ஓர்கிட் வாங்கினனான். அம்மாவுக்காக வாங்கினது. இடுப்பெலும்பு முறிஞ்சு படுக்கையில இருக்கிறா, கட்டிலில இருந்தே பார்க்கட்டும் எண்டு யன்னலோரம் வைச்சன்.

பங்குனிக் கடைசியில தண்டு விட்டு, 9 மொட்டு வந்தது. அம்மா விடிய எழும்பினதும் எண்ணுவா. இப்ப 5 தான் மிச்சம். மொட்டு பயறளவில இருக்கேக்க நல்ல பச்சை. கொஞ்சம் பெருத்ததும் காம்புப் பக்கம் மஞ்சளாகி, வெங்காயத்தோல் மாதிரிச் சுருங்கி, விரல் பட்டாலே கழண்டு விழுகுது.

பகல் 11 மணியில இருந்து 4 மணி வரை ஏசி ஓடும். அம்மாவுக்கு வெக்கை தாங்காது, நிப்பாட்ட ஏலாது. நாளைக்கு மூண்டு தரம் ஸ்பிரே பண்ணுறன். கடலுக்குப் பக்கத்தில இருக்கிறம், காத்தில எப்பவும் ஈரம் இருக்கும்தானே? பிறகேன் காயுது? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பதில் (உப்புவெளி)

தங்கச்சி, எனக்கும் உதே கதைதான் நடந்தது. ஒரு தட்டில கூழாங்கல் பரவி, கல் மூழ்காத அளவுக்குத் தண்ணி விட்டு, அதுக்கு மேல சட்டியை வையுங்கோ. ஸ்பிரேயை இன்னும் கூட்டிப் பாருங்கோ.

பதில் (நிலாவெளி)

அக்கா சொன்ன தட்டு நல்லது, ஆனா அது தட்டுக்கு மேல ஒரு சாண் உயரத்துக்குத்தான் உதவும், அதுவும் கொஞ்சமாத்தான். ஸ்பிரேயைக் கூட்டுறதுக்கு நான் சம்மதிக்க மாட்டன். இலை நனையிறது வேற, காத்து ஈரமா இருக்கிறது வேற. ஏசி அறையில நீங்கள் அடிச்ச ஈரம் கொஞ்ச நேரத்தில போயிடும். குருத்துக்குள்ள தேங்கின தண்ணி மட்டும் போகாது. அது அழுகலில கொண்டுபோய் விடும். ஒரு கிழமைக்குள்ள செடி முழுக்கப் போனதைக் கண்ணால பார்த்தனான்.

கடல் பக்கத்தில இருந்தும் ஏன் காயுது எண்டு கேட்டீங்கள். இப்ப வீசுறது கச்சான். தென்மேற்கில இருந்து வந்து, மலைநாட்டில மழையைக் கொட்டிப்போட்டு, வெறுங்கையோட எங்கட பக்கம் இறங்குற காத்து. அதோட, சூடு ஏற ஏறக் காத்து இன்னும் ஈரம் கேட்கும். விடிய 27 பாகையில 80 வீதம் ஈரப்பதம் இருந்த அதே காத்து, மத்தியானம் 36 பாகைக்கு ஏறினால் 48 வீதத்துக்கு வந்திடும். ஒரு சொட்டு ஈரமும் வெளியில போகாமலே இது நடக்கும். ஃபலனொப்சிஸ் கேட்கிறது 50க்கும் 70க்கும் இடையில.

அதுக்கு மேல ஏசி. வெளிக்குழாயால சொட்டுற தண்ணியைப் பாருங்கோ, அவ்வளவும் அம்மாட அறைக் காத்தில இருந்து பிழிஞ்செடுத்தது.

ஒரு ஈரப்பதமானி வாங்குங்கோ. வாங்கினதும் அப்பிடியே நம்பாதேங்கோ. போத்தல் மூடியில கறியுப்பைப் போட்டு, சேறு மாதிரி வாற அளவுக்கு மட்டும் தண்ணி விட்டு, மூடியையும் மீற்றரையும் ஒரு பொலித்தீன் பையுக்குள்ள வைச்சு இறுக்கிக் கட்டுங்கோ. உப்பு மீற்றரில படக்கூடாது. ஒரு இரவு கழிச்சுப் பார்த்தால் 75 காட்டவேணும். எவ்வளவு கூடக்குறைய காட்டுதோ அதைக் குறிச்சு வையுங்கோ.

பிறகு மூண்டு நாள் விடிய, பின்னேரம் 2 மணிக்கு, இரவு எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ. அதைப் பார்த்திட்டுச் செடியை நகர்த்துவம்.

பதில் (பாலையூற்று)

என்ன தண்ணி விடுறீங்கள்? சட்டி விளிம்பில வெள்ளையாப் பூத்திருக்கோ? எங்கட கிணறுகள் சிலதில உவர் இருக்கு. உப்புக் கூடினால் வேர் தண்ணிக்குள்ள நிண்டாலும் உறிஞ்ச ஏலாமல் தவிக்கும், முதல்ல மொட்டைத்தான் கைவிடும். இன்னொண்டு, பக்கத்தில வாழைப்பழம், மாம்பழம் வைச்சிருந்தால் எடுங்கோ. பழுக்கிற பழத்தில இருந்து வாற எத்திலீன் வாயுவுக்கும் மொட்டு உதிரும். பூட்டின அறையில இன்னும் கெதியா.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. உப்புப் பரிசோதனையில மீற்றர் 69 காட்டினது. அதால எல்லாத்துக்கும் 6 கூட்டி எழுதுறன். அறைக்குள்ள விடிய 77, பின்னேரம் 2 மணிக்கு 41. அதே நேரம் வெளி விறாந்தையில 50. மூண்டு நாளும் கிட்டத்தட்ட இதேதான்.

சட்டி விளிம்பில வெள்ளைப் படலம் இருக்கு, நகத்தால சுரண்டினால் மாவா உதிருது. கிணத்துத் தண்ணிதான் விட்டனான். அம்மாட மேசையில ஒரு சீப்பு கதலி இருந்தது, எடுத்திட்டன்.

பதில் (நிலாவெளி)

அப்ப செடியை அறைக்கு வெளியில எடுங்கோ, அம்மா பார்க்கிற யன்னலுக்கு நேர. விறாந்தை கிழக்குப் பக்கமோ? எண்டால் நல்லது. கச்சான் வாற பக்கம் ஒரு சாக்கை நனைச்சுத் தொங்கவிடுங்கோ, 11 மணிக்கும் 2 மணிக்கும் திரும்ப நனையுங்கோ. சீமெந்துத் தரையிலயும் ஒரு வாளி தெளிக்கலாம். மற்றச் சட்டிகளைச் சுற்றி நெருக்கி வையுங்கோ. அந்தூரியம், பன்னச்செடி எது இருந்தாலும் சரி, இலைகள் விடுற ஈரம் ஒண்டுக்கொண்டு உதவும். ஆனா இலையோட இலை முட்டாமல் காத்து ஓடவேணும். தண்டு எந்தப் பக்கம் பார்த்ததோ அதே பக்கம் பார்க்க வையுங்கோ.

தண்ணிக்கு ஒரு வழி: ஏசிக் குழாய்க்குக் கீழ வாளியை வையுங்கோ. வாளி சுத்தமா இருந்தால் அந்தத் தண்ணியில உப்பு இல்லை. அதால சட்டியை ரெண்டு மூண்டு தரம் நல்லா அலசி வடியவிடுங்கோ. பிறகு வேர் வெள்ளி நிறத்துக்கு வந்தால் மட்டும் தண்ணி, பச்சையா இருந்தால் விடாதேங்கோ.

மஞ்சளாகத் தொடங்கின மொட்டு திரும்பாது. அதை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ.

கேள்வி கேட்டவர் (16 நாளுக்குப் பிறகு)

ரெண்டு மொட்டு போயிட்டுது. மிச்சம் மூண்டில ஒண்டு நேற்று விரிஞ்சது. வெள்ளை, நடுவில ஊதாக் கோடு. பின்னேரம் சாக்குக்குப் பின்னால 61 வரை நிக்குது. யன்னல் சீலையை முழுக்க விலக்கி விடச் சொல்லி அம்மா காலமை 5 மணிக்கே கூப்பிட்டவ.

ஐப்பசியில மழை தொடங்கினால் இதே இடத்தில விடலாமோ?

பதில் (நிலாவெளி)

சந்தோசம் தங்கச்சி, அம்மாட்டச் சொல்லுங்கோ. மழைக்கு அங்க விடாதேங்கோ, சாரல் குருத்துக்குள்ள இறங்கும். மழை பிடிக்கிறதுக்கு முன்னமே சாக்கைக் கழட்டி, செடியைச் சாரல் படாத சுவரோரம் தள்ளி, ஒரு சின்ன ஃபானைச் செடிக்கு நேர படாமல் மெதுவா ஓடவிடுங்கோ. குருத்தில தண்ணி நிண்டால் கடதாசித் துண்டின்ட நுனியால ஒற்றி எடுங்கோ. பூ கொட்டின பிறகும் தண்டு பச்சையா இருந்தால் வெட்டாதேங்கோ, கணுவில இருந்து கிளைச்சுத் திரும்பப் பூக்கக்கூடும்.