மறுமொழி: ‘ஆல்ட் டெக்ஸ்ட்’டுக்கு என்ன சொல்? ‘சொற்படம்’ என்பது என் பரிந்துரை

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

கைத்தறி, மண்பாண்டம், பொம்மை, ஓவியம் என்று தாமே செய்து தாமே விற்பவர்களுக்காகத் தமிழில் இணையக் கையேடு எழுதும் தோழி கேட்ட கேள்விக்கு வந்த மடல்களை எல்லாம் படித்தேன். இணையத்தில் படம் ஏற்றும்போது, அதைப் பார்க்க முடியாதவருக்காகப் படத்தில் இருப்பதை எழுதி வைக்க ஒரு பெட்டி வரும். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ என்று பெயர், தமிழில் என்ன சொல்வது என்பதுதான் கேள்வி. கையேடு அச்சுக்குப் போவதற்குள் ஒரு சொல்லில் நின்றாக வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> ‘மாற்று உரை’ என்று ஏற்கெனவே பல இடங்களில் புழங்குகிறதே. அதை விட்டுவிட்டு இன்னொன்றை ஏன் தேட வேண்டும்?

புழக்கத்தில் இருப்பதைக் கலைக்கக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். கட்டுரையில் எழுதும்போது ‘மாற்று உரை’ ஒன்றும் உறுத்தாது. ஆனால் இந்தச் சொல் வாழப்போகும் இடம் கட்டுரை இல்லை, பொத்தான். பொத்தான்களில் ‘மாற்று’ என்பது ஏற்கெனவே ஏவல். கடவுச்சொல்லை மாற்று, மொழியை மாற்று, முகப்புப் படத்தை மாற்று என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, படத்தின் கீழே ‘மாற்று உரை’ என்று இருந்தால் உரையை மாற்றச் சொல்கிறார்கள் என்றுதான் படும். எந்த உரை, எதற்கு மாற்ற வேண்டும் என்று புரியாமல் தாண்டிப் போய்விடுவார்கள். அப்புறம், எழுதியதைத் திருத்துவதற்கு ஒரு பொத்தான் வைக்க வேண்டுமே? ‘மாற்று உரையை மாற்று’ என்று அதில் எழுத முடியுமா?

சேர்த்து ‘மாற்றுரை’ என்று எழுதலாம் என்றும் ஒருவர் சொல்லியிருந்தார். அது தமிழில் வேறு வேலையில் இருக்கும் சொல். பொன்னின் மாற்றை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதுதான் மாற்றுரைத்தல். திருவாரூர்க் கமலாலயக் கரையில் மாற்றுரைத்த விநாயகர் இருக்கிறார். திருமுதுகுன்றத்தில் (இன்றைய விருத்தாசலம்) மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைச் சுந்தரர் கமலாலயத்தில் எடுத்தபோது, அதன் தரத்தை உரைத்துச் சொன்ன பிள்ளையார் என்பது கதை. நகை செய்து விற்பவர்களும் இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறார்கள். ‘ஒவ்வொரு நகைப் படத்துக்கும் மாற்றுரை எழுதுங்கள்’ என்றால் அவர்கள் 22 காரட் என்று எழுதுவார்கள். அவர்கள் தொழிலில் அதுதான் சரியான பொருள்.

> சொல் எதுவானால் என்ன? கடைக்காரர் அந்தப் பெட்டியைக் கண்டுகொள்ளப் போவதில்லை.

கண்டுகொள்ளாததற்குக் காரணமே பெட்டியின் பெயர்தான் என்பது என் எண்ணம். அந்தப் பெட்டி எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம்.

வலைப்பக்கத்தில் படம் போடும் குறியை மார்க் ஆண்ட்ரீசன் 1993 பிப்ரவரியில் முன்மொழிந்தார், அதுவும் நம்மைப் போன்ற ஒரு மடற்குழுவில்தான். அந்த மடலில் படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் கட்டாயம். படத்தைக் காட்ட முடியாவிட்டால் என்ன செய்வது என்ற பேச்சு பின்னால் வந்தது. எச்டிஎம்எல் என்பது வலைப்பக்கங்களை எழுதும் குறிமொழி. 1995 நவம்பரில் வெளியான அதன் 2.0 ஆவணத்தில் ‘ஆல்ட்’ பண்பு இருக்கிறது. நாம் பெட்டியில் எழுதுவது போய் உட்காரும் இடம் அதுதான். 1997 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.0 அதைக் கட்டாயமாக்கியது. வலைக்கான தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, மாற்றுத்திறனாளிகளும் வலைப்பக்கத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று 1999 மே மாதம் வெளியிட்ட அணுகல் வழிகாட்டிகளில் முதல் விதியே இதுதான். 2008இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் 1.1.1 என்ற எண்ணோடு முதலில் நிற்கிறது.

இவ்வளவு முக்கியத்துவத்துக்குக் காரணம் எளியது. பார்வையற்றவர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது திரைவாசிப்பான் அதை வாசித்துக் காட்டுகிறது. கணினியில் என்விடிஏ இருக்கிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, இலவசம். ஆண்ட்ராய்டு பேசிகளில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். வாசித்துக்கொண்டே வரும்போது படம் குறுக்கிட்டால், அந்தப் பெட்டியில் நாம் எழுதியதைத்தான் அது சொல்லும். பண்பே இல்லாமல் விட்டுவிட்டால் படத்தைத் தாண்டிப் போகும், அல்லது கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாக, எண் எண்ணாக ஒப்பிக்கும். சேலை வாங்க வந்தவர் காதில் கேமரா வைத்த எண் விழும். அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

பார்வை உள்ளவருக்கும் இது வேண்டியிருக்கிறது. இணைப்பு மெதுவாக இருந்து படம் வராதபோது உலாவி காட்டுவது இந்த எழுத்தைத்தான். தீபாவளித் தள்ளுபடியை ஒரே சுவரொட்டிப் படமாகச் செய்து மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். அவுட்லுக் போன்ற மின்னஞ்சல் செயலிகள் வெளியிலிருந்து வரும் படங்களை முதலில் தடுத்து வைப்பதுண்டு. ஆல்ட் இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்வது ஒரு வெற்றுக் கட்டம். தேடுபொறிகளும் படத்தில் என்ன இருக்கிறது என்பதை அறிய இதைப் பார்க்கின்றன.

> ‘பட விளக்கம்’ போதாதா? யாருக்கும் புரியுமே.

புரியும். ஆனால் அந்தப் பெயரில் வேறொரு பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது. தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு படத்தை ஏற்றினால் வலப்பக்கம் நான்கு பெட்டிகள் அடுத்தடுத்து வரும்: ஆல்ட் டெக்ஸ்ட், டைட்டில், கேப்ஷன், டிஸ்கிரிப்ஷன். நம் கையேட்டுக்காரர்களில் பாதிப்பேர் உட்காரப்போவது இந்தத் திரையின் முன்னால்தான். நான்குக்கும் ஒன்றோடொன்று மோதாத பெயர் வேண்டும். டைட்டில் தலைப்பு. கேப்ஷன், பத்திரிகைகளில் படத்துக்குக் கீழே போடும் படக்குறிப்பு. டிஸ்கிரிப்ஷன், விளக்கம். ஆக, ‘பட விளக்கம்’ என்ற சொல் நான்காவது பெட்டிக்கே போய்விடுகிறது. முதல் பெட்டிக்கும் அதையே வைத்தால் ஒரே வாக்கியத்தை நான்கு இடத்தில் ஒட்டுவார்கள். திரைவாசிப்பான் படத்தில் ஒரு முறை, கீழே படக்குறிப்பில் ஒரு முறை என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையேட்டில் ஓர் எடுத்துக்காட்டோடு காட்டிவிடலாம். மதுரைச் சுங்குடி ஒன்றின் படம் என்று வைத்துக்கொள்வோம். படக்குறிப்பு: ‘இந்த வாரம் வந்தது. விலை 1,450 ரூபாய்.’ ஆல்ட் பெட்டியில்: ‘அரக்கு நிறச் சுங்குடிச் சேலை. உடல் முழுக்கக் கையால் முடிச்சிட்ட சிறு வெள்ளைப் புள்ளிகள். கரை இரண்டு விரல் அகலம், கரும்பச்சை.’ முதலாவது, படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு. இரண்டாவது, படத்தைப் பார்க்காதவருக்கு. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, அச்சில் வந்த புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு. வாங்குபவர் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதே இதற்காகத்தான். அதனால் ஆல்ட் பெட்டியிலும் அது வந்தாக வேண்டும். இப்போது தானாகவே படத்தைப் பார்த்து எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. அவை ‘சேலை கட்டிய பெண்’ என்பதோடு நின்றுவிடக்கூடும். புள்ளி எப்படி விழுந்தது என்பது முடிச்சுப் போட்டவருக்குத்தான் தெரியும்.

> ‘படச்சொல்’ என்று வைக்கலாமே. கடவுச்சொல், குறிச்சொல் வரிசையில் அழகாக உட்காரும்.

வந்த பரிந்துரைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. சின்னது, புணர்ச்சிக் குழப்பம் இல்லை, பொத்தானுக்குள் அடங்கும். ஆனால் அந்த வரிசையில் உட்காருவதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. குறிச்சொல் என்றால் காற்புள்ளி போட்டு அடுக்குவது என்று பழகியிருக்கிறோம். படச்சொல் என்றதும் ‘சேலை, மதுரை சேலை, காட்டன் சேலை, குறைந்த விலை சேலை’ என்று அடுக்குவார்கள். தேடலில் முன்னே வரலாம் என்று இப்படித் திணிப்பதைக் கூகுளே தன் வழிகாட்டுதலில் வேண்டாம் என்கிறது. காதால் கேட்பவருக்கோ அது பெரிய இடைஞ்சல். கடைப்பக்கம் முழுக்க ஒவ்வொரு படத்திலும் இதே அடுக்கு ஒலித்தால் யார் பொறுமையாக இருப்பார்கள்?

வந்த இன்னொரு பரிந்துரையான ‘படவுரை’யையும் இதோடு முடித்துவிடுகிறேன். சுவரொட்டி, வாழ்த்தட்டை செய்பவர்கள் அதைப் படத்துக்குள் இருக்கும் எழுத்து என்றே எடுத்துக்கொள்வார்கள். எழுத்துணரி படத்திலிருந்து பிரித்தெடுக்கும் உரைக்கு அந்தப் பெயரைத் தரலாம், நன்றாகப் பொருந்தும்.

என் பரிந்துரை ‘சொற்படம்’.

சொல்லால் ஆன படம். எழுத உட்காருபவருக்கு வேலை என்ன என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. தலைப்பு, படக்குறிப்பு, விளக்கம் மூன்றோடும் மோதவில்லை. ‘சொற்படம் சேர்’, ‘சொற்படத்தை மாற்று’, ‘சொற்படம் இல்லை’ என்று பொத்தானிலும் பிழைச் செய்தியிலும் சிக்கலில்லாமல் வருகிறது.

எழுத்தை எப்படிப் ‘படம்’ என்பது என்று கேட்பீர்கள். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் குழுமத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். திரைப்படத்தின் ஒலியை மட்டும் ஒலிபரப்பினார்கள், அதற்குச் சித்திரம் என்றே பெயர் வைத்தார்கள். கேட்டவர்களுக்கு அது சித்திரமாகத்தான் இருந்தது. ஒலிச்சித்திரத்தின் தம்பியாகச் சொற்படம் இருக்கட்டுமே. பெயரின் கடைசியில் ‘படம்’ நிற்பதை நான் வேண்டுமென்றேதான் விரும்புகிறேன். பார்க்க முடியாதவருக்குக் கிடைக்கும் படம் இதுதான். அவரிடம் நாம் கொடுப்பது படத்தைப் பற்றிய குறிப்பாக இருந்தால் போதாது, படமாகவே இருக்க வேண்டும்.

ஒரு குறை இருக்கிறது. பூதக்கண்ணாடிப் படம் போட்ட தேடல் பொத்தானுக்கு ஆல்ட் ‘தேடு’ என்றுதான் இருக்க வேண்டும். கூடைப் படத்துக்கு ‘கூடையைப் பார்’. அங்கே தோற்றத்தை வருணித்தால் தவறு, செயலைச் சொல்ல வேண்டும். சொற்படம் என்ற பெயர் அந்த இடத்துக்கு முழுதாகப் பொருந்தாது. அவற்றைப் ‘பொத்தான் பெயர்’ என்று தனியே பிரித்துவிடலாம் என்று நினைக்கிறேன். கடைக்காரர் தொடுவது பெரும்பாலும் பொருளின் படங்களைத்தான். பொத்தான்கள் தளத்தின் ஆயத்த வார்ப்புருவோடு வந்துவிடுகின்றன. வெறும் அழகுக்காக வைக்கும் பூங்கோடு, பின்னணிக் கோலம் ஆகியவற்றுக்கு ஆல்ட் பண்பை வைத்து, உள்ளே ஒன்றும் எழுதாமல் விட வேண்டும். அப்போது திரைவாசிப்பான் சத்தமில்லாமல் கடந்துபோகும். இதற்கு ‘அலங்காரப் படம்’ போதும்.

கையேட்டில் சொற்படம் பற்றிய பக்கத்தில் சேர்க்கச் சில குறிப்புகள். ‘படம்’, ‘புகைப்படம்’ என்று தொடங்க வேண்டாம். அது படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும். ஒன்றிரண்டு வாக்கியம் போதும். ஒரே சேலைக்கு நான்கு படம் இருந்தால் நான்கிலும் ஒன்றையே எழுதாமல், அந்தந்தப் படம் புதிதாகக் காட்டுவதை எழுத வேண்டும்: ஒன்றில் முந்தி, ஒன்றில் கரை, ஒன்றில் உடுத்திய தோற்றம். நிறத்தை விட்டுவிடக் கூடாது. இடையில் பார்வை இழந்தவர்களுக்கு நிறம் நினைவில் இருக்கிறது, பரிசாக வாங்குபவர்களுக்கும் அது வேண்டும். சுவரொட்டியாக இருந்தால் அதிலுள்ள எழுத்து முழுவதும் சொற்படத்தில் வர வேண்டும். இன்ஸ்டகிராமில் 2018 முதல் இந்த வசதி இருக்கிறது. பதிவிடும் திரையில் கண்ணில் படாத இடத்தில் இருப்பதால், திரைப்பிடிப்போடு காட்டுவது நல்லது.

ஒருங்குறி (யூனிகோட்) பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். அச்சகத்துக்குக் கோப்பு செய்து பழகியவர்கள் இன்னும் ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவான பாமினியிலேயே தட்டச்சு செய்கிறார்கள். அதை அப்படியே அந்தப் பெட்டியில் ஒட்டினால் தமிழ் எழுத்துருவின் வேடம் கலைந்துவிடும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், திரைவாசிப்பான் அதைத்தான் படிக்கும். அதோடு பக்கத்தின் மொழி தமிழ் என்று அமைப்பில் குறித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரலிலேயே வாசிக்க முயலும்.

சரிபார்க்க, வெப்எய்ம் அமைப்பின் ‘வேவ்’ என்ற தளத்தில் கடையின் முகவரியைக் கொடுத்தால் போதும், சொற்படம் இல்லாத படங்களைச் சிவப்புக் குறியோடு காட்டும். இலவசம். குரோம் உலாவிக்குள் இருக்கும் லைட்ஹவுஸும் இதைச் சொல்லும். சொற்படம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் இந்த இரண்டு கருவிகளும் சொல்லும், நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு டாக்பேக்கைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தம் கடைப்பக்கத்தைத் தாமே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திரைவாசிப்பான் பயன்படுத்தும் உறுப்பினர்கள் முதலில் எழுதினால் நல்லது. ‘சொற்படம் இல்லை’ என்ற அறிவிப்பு காதில் தெளிவாக விழுகிறதா, ‘ற்ப’ இடறுகிறதா என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும். இடறுகிறது என்றால் ‘சொல்படம்’ என்று பிரித்தே எழுத எனக்குத் தடையில்லை.

அன்புடன்.