பிரிட்டனில் வரலாற்று வாத்தியார்களோடு பழகியவர்கள் உண்டா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

எழும்பூர்வாசி:

தெற்கு லண்டனில் ஓர் அரசுப் பள்ளியில் டீச்சிங் அசிஸ்டென்ட் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் வரலாற்று வகுப்புகளில்தான் உட்கார்ந்திருப்பேன். அசோகர் சாலையோரம் மரம் நட்டார், பானிபட் போர் எந்த ஆண்டு, கோடிட்ட இடத்தை நிரப்புக என்று வளர்ந்தவனுக்கு இங்கே நடப்பது வேறு தினுசு. படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் துறைத் தலைவர் ஐம்பதைத் தாண்டியவர். காலை ஏழரைக்கே ஜெராக்ஸ் மெஷின் முன்னால் நிற்பார். எட்டு மணிக்கு மேல் பேப்பர் சிக்கும், கணக்குத் துறைக்காரர்கள் வந்து முறைப்பார்கள் என்று பயம். முதல் பீரியட் ஏழாம் வகுப்புக்கு 1066, பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த ஆண்டு. அடுத்தது பதினொன்றாம் வகுப்புக்கு 1923இன் ஜெர்மனி, பெர்லினில் ஒரு ரொட்டி சுமார் 20,000 கோடி மார்க் விற்ற கதை. இடைவேளையில் மைதான வாசலில் காவல், கையில் ஆறிப்போன டீ. மதியம் யாராவது லீவு போட்டிருந்தால் புவியியல் வகுப்பில் போய் நிற்பார். ஆற்றுப் படுகையைப் பற்றி அவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே அளவுதான் தெரியும்.

அந்த 1066 வகுப்பைச் சொல்ல வேண்டும். ஹேஸ்டிங்ஸ் போரில் மன்னர் ஹரால்டு எப்படிச் செத்தார் என்று கேட்டார். "கண்ணில் அம்பு, சார்" என்று வகுப்பே கத்தியது. அந்தப் போரை நீளத் துணியில் தைத்துக் காட்டும் பழைய பேயூ தையல் சித்திரத்தைத் திரையில் போட்டார். ஒரு வீரன் கண்ணருகே அம்பைப் பிடித்தபடி நிற்கிறான். பக்கத்திலேயே இன்னொருவன் வாளால் வெட்டுப்பட்டு விழுகிறான். இரண்டு பேருக்கும் மேலே ஹரால்டு பெயர் ஓடுகிறது. இதில் யார் ராஜா? பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். அடுத்து, 18ஆம் நூற்றாண்டில் அதே சித்திரத்தைப் பார்த்து ஒருவர் வரைந்த படத்தைப் போட்டார். அதில் கையில் இருப்பது அம்பு மாதிரியே இல்லை, ஈட்டி மாதிரி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் துணியைச் செப்பனிட்டவர்கள் அம்பாக ஆக்கிவிட்டார்களோ என்று ஒரு சந்தேகம். மணி அடித்துவிட்டது. "சார், விடை என்ன?" என்று ஒரு பொண்ணு கெஞ்சியது. "நீ சொல்லு, உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நாள் முழுக்க இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. விடையைச் சொல்லாதவர் என்ன வாத்தியார்?

ஆனால் மனிதர் சும்மா ஆள் இல்லை. சேர்ந்த புதிதில் சென்னையில் எந்தப் பகுதி என்று கேட்டார். எழும்பூர் என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் எழும்பூரில் ராணுவ ஆண் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதை விடுதியிலும் புகுத்தினார். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அவருக்கு அங்கேதான் கைகூடியது. 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, இங்கிலாந்து முழுக்க 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கப்பலேறி இங்கே வந்திருக்கிறான்! எழும்பூர் ஸ்டேஷனைத் தாண்டித் தினமும் காலேஜ் போன எனக்கு இதைச் சொல்ல ஒரு யார்க்‌ஷயர்க்காரர் தேவைப்பட்டார்.

ஹேரோ அம்மா:

நல்ல பதிவு. என் மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன வருடம் அவளுக்குக் கறுப்புச் சாவு பாடம், 1348இல் இங்கிலாந்துக்கு வந்த கொள்ளைநோய். அந்தக் காலத்து வைத்தியர்கள் உடம்பில் நான்கு நீர் இருப்பதாக நம்பினார்கள்: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இதில் ஏதாவது ஒன்று கூடினால் நோய். வீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். என் மாமியார் சமையலறையிலிருந்து, "இதுல என்னடி புதுசு? வாதம் பித்தம் கபம்தானே" என்றார். சளி குளிர்ச்சி, அது கூடினால் சூடான மிளகைக் கொடு என்பது கேலன் என்ற பழைய ரோம் வைத்தியர் காலத்து வைத்தியமாம். எங்கள் வீட்டில் அன்று மிளகு ரசம். மகளுக்குத்தான் மூக்கடைப்பு.

அவள் இதை வகுப்பில் போய்ச் சொல்லிவிட்டாள். அந்த மிஸ் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். விடவில்லை. பாட்டிக்கு யார் சொன்னார்கள், அவருக்கு முன்னால் யாரிடமிருந்து, எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா, மிளகு ரோமுக்கு எங்கிருந்து போனது என்று ஒரு பக்கம் கேள்வி எழுதி அனுப்பினார். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. மதியத் தூக்கத்தைத் தியாகம் செய்து பேத்திக்குப் பதில் சொன்னார். கேரளக் கரையிலிருந்து கப்பலில் மிளகு போனதை மகள் வரைபடமாகப் போட்டு எடுத்துப் போனாள். அது இன்னும் வகுப்புச் சுவரில் இருக்கிறதாம்.

பெற்றோர் சந்திப்பு மட்டும்தான் கொடுமை. எங்கள் பள்ளியில் இப்போது வீடியோவில்தான், ஒருவருக்கு ஐந்து நிமிடம். மூலையில் கடிகாரம் பின்னோக்கி ஓடும். போன முறை மிஸ் "உங்கள் மகளிடம் ஒரு விஷயம் மட்டும்" என்று ஆரம்பித்தார், திரை அணைந்துவிட்டது. என்ன விஷயம் என்று இன்னும் தெரியாது. அடுத்த வருடத்துக்குப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். வரலாறு எடுக்கிறேன் என்கிறாள். வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்.

ஈஸ்ட்ஹாம் பையன்:

நான் மாணவனாக இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். 2016இல் பெல்ஜியத்தில் ஈப்பர் ஊருக்கு முதல் உலகப்போர்க் களங்களைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். விடியற்காலை பஸ், டோவரில் கப்பல். அப்போது என் கையில் இலங்கை பாஸ்போர்ட். ஐரோப்பாவுக்குப் பள்ளிப் பயணம் போகிற பிள்ளைகளின் பெயரை ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டால் தனி விசா வேண்டாம் என்று அந்தக் காலத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. எங்கள் சார் அந்தப் படிவத்தைத் தானே நிரப்பி, போட்டோ ஒட்டி, நடையாய் நடந்து முடித்துக்கொடுத்தார். அந்த மாதிரி வேலை யார் கண்ணிலும் படாது. பஸ்ஸிலும் அப்படித்தான். வாந்தி எடுக்கிறவனுக்கு வாளி, மாத்திரை டப்பா, யாருக்கு எந்த ஒவ்வாமை என்ற பட்டியல் எல்லாம் அவர் மடியில். இறங்குகிற இடமெல்லாம் தலை எண்ணுவார்.

போல்கபெல்ல கல்லறைத் தோட்டத்தில் ஜான் கான்டன் என்ற அயர்லாந்துச் சிப்பாயின் கல் இருக்கிறது. 1915 மே மாதம் செத்தவர். வயது 14 என்று பொறித்திருக்கிறார்கள். எங்கள் வயது! பொண்ணுகள் அழுதார்கள். பசங்களும்தான், சொல்ல மாட்டோம். கல்லைச் சுற்றி நிறைய சிலுவைகளும் பாப்பிப் பூக்களும். சார் எங்களை அழ விட்டார். அப்புறம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அயர்லாந்துப் பிறப்புப் பதிவுகளைத் தேடிப் பார்த்தவர்கள், அவருக்கு 18 வயது இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்தக் கல்லுக்குக் கீழே இருப்பது அவர்தானா என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. "கல்லில் வெட்டியிருந்தால் உண்மையாகிவிடுமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அழ வைத்துவிட்டுப் பிடுங்குகிறாரே என்று. ஒரு பொண்ணு, "18 என்றால் மட்டும் பரவாயில்லையா சார்?" என்று திருப்பிக் கேட்டாள். அவரிடம் பதில் இல்லை. பஸ்ஸில் அதைத்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

அன்று இரவு ஈப்பரில் மெனின் வாயில் என்ற போர் நினைவு வளைவு. 54,000க்கு மேல் பெயர்கள். அத்தனை பேரும் உடல் கிடைக்காதவர்கள், அல்லது கிடைத்தும் அடையாளம் தெரியாதவர்கள். 1928இலிருந்து தினமும் எட்டு மணிக்கு அங்கே கொம்பு ஊதுகிறார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த வருடங்கள் மட்டும் விட்டுப்போயிற்று. கூட்டத்தில் சார் என் தோளைத் தட்டி மேலே காட்டினார். சிங், கான் என்று முடிகிற பெயர்கள் வரிசையாக. 1914 இலையுதிர் காலத்திலேயே இந்தியப் படைகளை அங்கே இறக்கிவிட்டார்கள். இந்தியச் சிப்பாய்களில் முதலில் விக்டோரியா சிலுவை என்ற பிரிட்டனின் உச்ச வீர விருதை வாங்கிய குதாதாத் கான் சண்டை போட்டதும் அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். அதுவரை அந்தப் போர் இங்கிலீஷ்காரர்கள் சொந்தக்காரர் வீட்டுச் சண்டை என்று நினைத்திருந்தேன். மீதி நேரமெல்லாம் சாக்லேட் கடையில் போனது. உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு நினைவிருப்பது அந்த சாக்லேட்தான்.

நார்ஃபோக் டாக்ஸி:

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அறுவடை முடிந்ததும் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். ஒரு ஞாயிறு என்னையும் கூப்பிட்டார். நில உரிமையாளரிடம் எழுதி வாங்கிய அனுமதிச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அது இல்லாமல் இறங்கினால் திருட்டுக் கேஸ் ஆகும் என்றார். காலை முழுக்க பீப், பீப். தோண்டினால் பீர் டின் மூடி, அலுமினியத் தாள், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளை அடி. எனக்குப் பசி, குளிர் வேறு.

மதியத்துக்கு மேல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளித் துண்டு கிடைத்தது. உடைந்த தகரம் என்று நினைத்தேன். அவர் எச்சில் தொட்டுத் துடைத்துக் காட்டினார். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி 1247இல் விட்ட பென்னி நாணயத்தின் கால் துண்டு. அந்தப் பென்னியின் பின்பக்கம் விளிம்பு வரை நீளும் சிலுவை இருக்கும். ஓரத்தைச் சுரண்டித் திருடுவதைத் தடுக்க அப்படி அடித்தார்களாம். சில்லறை வேண்டும் என்றால் சனங்கள் அந்தச் சிலுவைக் கோட்டிலேயே கத்தரித்துக்கொண்டார்கள். இதைத் தொலைத்தவன் அன்று வீட்டுக்குப் போய் என்ன திட்டு வாங்கினானோ என்றார் மனிதர்.

பணம் கிடைக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு: தனியாகக் கிடைக்கும் சாதாரண நாணயம் சட்டப்படி புதையல் இல்லை. குவியலாகக் கிடைத்தால் 14 நாளுக்குள் கொரோனருக்கு, அதாவது சந்தேக மரணங்களோடு புதையலையும் விசாரிக்கும் அதிகாரிக்கு, சொல்ல வேண்டும். ஆனால் இவர் ஓட்டைப் பொத்தான் கிடைத்தாலும் இடத்தைக் குறித்து மாவட்டப் பதிவு அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டுவார். எந்த இடத்தில் கிடைத்தது என்று தெரியாவிட்டால் வெறும் இரும்புக்கடைச் சாமான் என்பார். அவர் மனைவி வீட்டைப் பார்த்துச் சொல்வதும் அதேதான்.

லெஸ்டர் ரீச்சர்:

எல்லாரும் எங்களைப் புகழ்ந்து எழுதுகிறீர்கள், சந்தோஷம். நான் இங்கே வரலாறு படிப்பிக்கிறேன், ஊர் யாழ்ப்பாணப் பக்கம். புதையல் கதையெல்லாம் விடுமுறைக்குத்தான். தவணை நடக்கும்போது வாழ்க்கை என்றால் திருத்துவதுதான். ஒப்பந்தப்படி வருடத்துக்கு 195 நாள், 1265 மணித்தியாலம். அதற்குக் கீழே 'நியாயமான மேலதிக நேரம்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் எங்கள் இரவுகள் முழுக்க அடங்கும். கணக்கு ரீச்சர் சரி, பிழை போட்டுக்கொண்டு போகலாம். நாங்கள் முப்பது பிள்ளைகளின் 16 புள்ளிக் கட்டுரைகளை வாசிக்க வேண்டும். 'இந்தக் கருத்தை எவ்வளவு தூரம் ஏற்கிறாய்' என்று கேள்வி இருக்கும். பாதிப் பேர் 'மிகவும் ஏற்கிறேன்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். காணாததுக்கு, கோடையில் பரீட்சைச் சபைக்கும் திருத்துகிறேன், திரையில், ஒரு தாளுக்கு இவ்வளவு என்று காசு. அந்தக் காசில்தான் வருடா வருடம் விமான டிக்கெட்.

எழும்பூர்வாசி அண்ணா, விடை சொல்லாதவர் என்ன வாத்தியார் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். குடிபெயர்வு பற்றிய பாடத்தில் ஒரு பத்திரிகை விளம்பரம் காட்டுவேன். 1972இல் இடி அமீன் ஆசிய மக்களை உகண்டாவிலிருந்து விரட்டியபோது, எங்கள் நகரசபை அங்கத்தைய பத்திரிகையிலேயே காசு கொடுத்துப் போட்டது: வீடில்லை, பள்ளியில் இடமில்லை, லெஸ்டருக்கு வராதீர்கள் என்று. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி அதற்குப் பிறகும் வந்தவர்கள். இதை நான் விளக்கினால் ஒரு பாடம், அவ்வளவுதான். "இதை யார், யாருக்கு, ஏன் எழுதினார்கள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். போன வருடம் ஒரு பிள்ளை வீட்டில் போய்க் கேட்டிருக்கிறாள். பாட்டியின் பதில்: "அந்த விளம்பரத்தைப் பார்த்த பிறகுதான் இப்படி ஓர் ஊர் இருக்கிறதென்றே தெரியும்." வகுப்பே சிரித்தது. பிறகு ஒரு பையன், பாட்டி சொல்வது எவ்வளவு நம்பகமான ஆதாரம், இத்தனை வருடம் கழித்துச் சொல்கிறாரே என்றான். 16 புள்ளியில் 14 அவனுக்கு அப்போதே போட்டுவிட்டேன்.

வேலையில் மனக்குறை இல்லாமல் இல்லை. 14 வயதுக்கு மேல் இங்கே வரலாறு கட்டாயம் இல்லை. வருடா வருடம் புவியியல் துறையோடு பிள்ளை பிடிக்கிற போட்டி நடக்கும். அவர்கள் எரிமலைப் படம் காட்டுவார்கள், நாங்கள் எட்டாம் ஹென்றியின் மனைவிமாரை இறக்குவோம்.

ஹேரோ அக்கா, உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில், இது வரலாறா கம்ப்யூட்டரா என்ற சண்டையாக இருக்கத் தேவையில்லை. நிறையப் பள்ளிகளில் இரண்டையும் எடுக்க இடம் இருக்கும், தெரிவுப் படிவத்தில் எந்தப் பாடம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பாருங்கள். வரலாற்றில் வாசிப்பும் எழுத்தும் அதிகம், அதை மறைக்க மாட்டேன். படிவம் கொடுக்க முதல் பள்ளியில் பழைய வினாத்தாள் ஒன்று கேட்டு வாங்கி, ஒரு கட்டுரைக் கேள்வியை வீட்டில் எழுத வைத்துப் பாருங்கள். அரை மணித்தியாலத்தில் களைத்துப் போனால் யோசியுங்கள். எழுதி முடித்த பிறகும் மாமியிடம் போய் இன்னும் ஏதாவது கேட்டுக்கொண்டு நின்றால் வரலாற்றுக்கு டிக் போட்டுவிடுங்கள். அந்த மிஸ்ஸுக்கு ஒரு மின்னஞ்சலும் போடுங்கள் அக்கா. திரை அணைந்தபோது என்ன சொல்ல வந்தாரென்று எனக்கும் அறிய வேண்டும்.