நரிக்கும் மானுக்கும் ஒரே ரைஃபிள்: தம்பிக்கு எந்தக் கலிபர் சரி?

கொட்டகலை அக்கா

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி அவுஸ்திரேலியாவுல, விக்டோரியா மாநிலத்துல கிப்ஸ்லாந்து பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணையில வேலை செய்றான். ஆடு குட்டி போடுற நேரத்துல நரித் தொல்லை தாங்க முடியலயாம். முயல் வேற புல்லை மொட்டையடிச்சிருது. பொழுது சாஞ்சா மேல் காட்டுலருந்து மான் இறங்கி வேலியைச் சாய்ச்சிட்டு மேயுதாம். முதலாளி சொந்தமா ஒரு ரைஃபிள் வாங்கிக்கச் சொல்லிட்டார். ஏ (.22 மாதிரி சின்னது), பி (பெரிய ரைஃபிள்) ரெண்டு வகைத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் கைக்கு வந்திருச்சு.

கடைக்காரர் .243 வின்செஸ்டர் ஒண்ணே எல்லாத்துக்கும் போதும்ங்கிறார் (இந்த எண்தான் கலிபராம், அங்குலத்துல குண்டோட விட்டம்). கூட வேலை செய்றவர் .308தான் வாங்கணும்னு நிக்கிறார். எனக்குத் தெரிஞ்சது தோட்டத்து வாட்சர் கையில இருந்த 12 போர் ஷாட்கன் மட்டும்தான். ரெண்டு ரைஃபிள் வாங்க அவன்கிட்ட இப்போ காசில்ல. வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டணும். எதை எடுக்கச் சொல்லட்டும்?

பண்டாரவளை மாமா

மகள், கடைக்காரர் சொல்றதுல பொய்யில்ல. .243 வந்தது 1955ல, இந்த ரெண்டு வேலையையும் மனசுல வச்சுத்தான் செஞ்சாங்க. நரிக்கு 58 கிரெயின் (குண்டோட எடையைச் சொல்ற அளவு) மாதிரி லேசான குண்டு, மானுக்கு 95, 100 கிரெயின் குண்டு. சுடும்போது பின்னால உதைக்கிறதும் குறைவு, புதுசாச் சுடுறவன் தோளுக்கு நல்லது.

அதே 1955ல ரெமிங்டன் கம்பெனியும் .244னு ஒண்ணு இறக்கினாங்க. அதுவும் 6 மில்லிமீட்டர்தான். ஆனா அந்தக் குழாயோட உள்முறுக்கு (குண்டைச் சுழல வைக்கிற வரி) 12 அங்குலத்துக்கு ஒரு சுத்து, நரிக்கான லேசுக் குண்டை நினைச்சுப் போட்டது. கனமான குண்டு நேராப் போக இன்னும் வேகமாச் சுழலணும். வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுத்து போட்டதால 100 கிரெயின் குண்டும் நேராப் போச்சு. மான் வேட்டைக்காரங்க அந்தப் பக்கம் சாய்ஞ்சிட்டாங்க. அதனால கலிபர் பேரை மட்டும் பார்த்துக் காசு கட்டக் கூடாது, குழாய் எந்த எடைக் குண்டுக்கு ஏத்ததுன்னும் கேட்கணும்.

ஆனா நீங்க முக்கியமான ஒண்ணைச் சொல்லல. என்ன மான்? பார்க்க எப்படி இருக்காம்?

கொட்டகலை அக்கா

நன்றி மாமா. இப்பதான் அவன்கிட்டப் பேசினேன். புள்ளி இல்லையாம். கரும்பழுப்பு நிறம், முடி முரடா இருக்காம், காது அகலமா பெருசா இருக்காம். ஆணுக்குக் கொம்பு பக்கத்துக்கு மூணு கிளை. பயந்தா "பாங்"னு ஒரு சத்தம் போட்டுக் காலைத் தரையில அடிக்குதாம். ஓடைக்கரைச் சேத்துல புரண்ட குழியும் இருக்காம். "அக்கா, ஹோட்டன் சமவெளியில பார்த்தோமே, அப்படியே இருக்கு"ன்னான்.

மெல்பேர்ன் மலையகத்தான்

அக்கா, தம்பி பார்த்தது நம்ம மரையேதான், கடமான்னும் சொல்வாங்களே. 1860கள்ல இலங்கையிலருந்தும் இந்தியாவிலருந்தும் கொண்டுவந்து விக்டோரியாவுல விட்டது இப்போ கிப்ஸ்லாந்து மலை முழுக்கப் பெருகிக் கிடக்கு. இங்க சாம்பார்னு சொல்வாங்க.

அதனால முன்பணத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. இங்க மான் வேட்டைக்கு, எந்த மானுக்கு எவ்வளவு பெரிய கலிபர்னு சட்டம் இருக்கு. பல்லோ, சித்தல், ஹாக் மாதிரி சின்ன மான்களுக்கு .243, குண்டு 80 கிரெயினுக்குக் குறையக் கூடாது. சாம்பார், சிவப்பு மான், ரூசா மூணுக்கும் .270, குண்டு 130 கிரெயின். அதுக்குக் கீழ போனா குற்றம். கடைக்காரர் பல்லோவை நினைச்சுச் சொல்லியிருப்பார், தம்பி வெறுமனே "மான்"னு கேட்டிருப்பான்.

சட்டத்தை விடுங்க, உயிரையும் நினைக்கணும். வளர்ந்த ஆண் மரை 200 கிலோவுக்கு மேல நிக்கும். தோள் எலும்பும் தோலும் கெட்டி. லேசான குண்டு எலும்புல பட்டு மேலாகவே சிதறினா, அது செத்தும் விழாது, பிழைச்சும் வாழாது. பள்ளத்துல இறங்கி ரெண்டு நாள் துடிச்சுச் சாகும். கூட வேலை செய்றவர் சொன்ன .308 சரியான பேச்சு. 150 கிரெயின் குண்டு, எந்த ஊர்க் கடையிலயும் தோட்டா கிடைக்கும். உதை பிடிக்கலன்னா 7எம்எம்-08ல 140 கிரெயின் பார்க்கலாம். .308 தோட்டாக் கூட்டையே கழுத்தைச் சுருக்கிச் செஞ்சது, தோளுக்கு இதமா இருக்கும்.

நானுஓயா பையன்

அண்ணே, இப்ப எல்லாரும் 6.5 க்ரீட்மோர்தானே சொல்றாங்க? நரிக்கும் நல்லது, மானுக்கும் நல்லதுன்னு எல்லா வீடியோவுலயும் வருதே?

மெல்பேர்ன் மலையகத்தான்

நல்ல தோட்டாதான் தம்பி. ஆனா அதோட குண்டு .264 அங்குலம். .270ஐ எட்டாது, அதனால விக்டோரியாவுல மரை வேட்டைக்கு ஆகாது. அமெரிக்கக்காரர் வீடியோ பார்த்துட்டு இங்க வாங்கி மாட்டிக்கிறவங்க இருக்காங்க.

கொட்டகலை அக்கா

அப்போ .308ஐ வச்சு நரியையும் முயலையும் சுட முடியுமா அண்ணே?

பண்டாரவளை மாமா

நரியைச் சுடலாம் மகள். 125 கிரெயின் சுற்றுல லேசுக் குண்டு .308க்கும் கிடைக்கும். ஒண்ணை மட்டும் தம்பிகிட்ட அழுத்திச் சொல்லுங்க. எடை மாறினா குண்டு விழுற இடமும் மாறும். 150க்கு 100 மீட்டர்ல குறி வச்ச ஸ்கோப்புல 125ஐப் போட்டா, அது கை அகலம் மேலயோ பக்கத்துலயோ போகும். ஒவ்வொண்ணையும் அட்டையில சுட்டுப் பார்த்து, எவ்வளவு விலகுதுன்னு எழுதி ரைஃபிள் கட்டையிலயே ஒட்டி வைக்கணும். குழப்பம் வேணாம்னா நரிக்கும் அந்த 150ஐயே போடட்டும். தோலை விக்கப் போறதில்லையே.

இன்னொண்ணு. நரிக்கான லேசுக் குண்டு பட்டதும் உடைஞ்சிரும். மானுக்கான குண்டு கல்லுல பட்டா தெறிச்சு வெகுதூரம் போகும். பின்னால மண் மேடு இல்லாத இடத்துல, வானம் தெரியுற மலை முகட்டுல நிக்கிற எதையும் சுடவே கூடாது. ஆட்டுப் பண்ணைன்னா ஆள் நடமாட்டம் இருக்கும்.

முயலுக்கு .308 வேணாம். பிறகு காசு சேர்ந்ததும் சின்ன .22 ஒண்ணு எடுக்கட்டும், விலை குறைவு. அவன் ஏ லைசென்ஸ் அதுக்குப் போதும். அங்க ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியா வாங்கும் அனுமதி எடுக்கணும், அதை மறக்க வேணாம். அதுவரைக்கும் முதலாளியோட .22ஐ இரவல் வாங்கலாமான்னு போலீஸ்ல கேட்டுட்டுத்தான் தொடணும்.

நானுஓயா பையன்

மாமா, எங்க லீக்ஸ் பாத்தியிலயும் மரை இறங்குது. நாம இங்க அப்படி ஏதும் செய்ய முடியாதா?

பண்டாரவளை மாமா

முடியாது மகன், நினைக்கவும் வேணாம். இங்க மரை 1937ஆம் ஆண்டு வனவிலங்குக் கட்டளைச் சட்டத்துல பாதுகாப்புல இருக்கு. அங்க கொண்டுவந்து விட்டதால தொல்லை. இங்க அது காட்டுக்கே சொந்தம், சிறுத்தை சாப்பிட்டு வாழுறது அதை வச்சுத்தான். கம்பிச் சுருக்கும் வைக்காதீங்க. 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குல கழுத்து மாட்டி, சிகிச்சை குடுத்தும் செத்துச்சு. பன்றிக்குன்னு வச்சாலும் கம்பிக்கு எது கழுத்துன்னு தெரியாது. சேதத்தைப் படம் எடுத்து, கிராம சேவகர்கிட்டச் சொல்லி, வனஜீவராசிகள் அலுவலகத்துல எழுதிக் குடுங்க. பாத்தியைச் சுத்தி ஆள் உயரத்துக்கு மேல வலை கட்டுங்க. மரை தாழ்ந்த வேலியைத் தாண்டிரும்.

கொட்டகலை அக்கா

தம்பிகிட்டச் சொல்லிட்டேன். .243க்கு முன்பணம் கட்டல. நாளைக்குக் கடையில .308ஐயும் 7எம்எம்-08ஐயும் தோள்ல வச்சுப் பார்க்கப் போறான். அண்ணே, பண்ணைக்குள்ளயே சுடுறதுக்கும் கேம் லைசென்ஸ், அதான் வேட்டை லைசென்ஸ், வேணுமா?

மெல்பேர்ன் மலையகத்தான்

வேட்டைக்குப் போனா வேணும் அக்கா. பண்ணை நிலத்துல சேதம் பண்ற மானை அடக்குறதுக்குத் தனி விதி இருக்கு, நில உரிமையாளர் சம்மதத்தை எழுத்துல வாங்கி வச்சுக்கிறது நல்லது. வேட்டை விதிகளைப் பார்க்குற அரசு அமைப்பான கேம் மேனேஜ்மென்ட் அத்தோரிட்டிக்கு ஒரு போன் போட்டு, மரை, தனியார் நிலம், .308, இந்த மூணையும் சொல்லிக் கேட்கச் சொல்லுங்க. வாங்குறதுக்கு முன்னாலயே கேட்கட்டும்.