ரங்கூனில் பறிபோன கடைக்கு இழப்பீடு கேட்க இன்னும் வழி உண்டா?

கேள்வி (வியாசர்பாடி வாசகர்):
ரங்கூன் மொகல் தெருவில் என் தாத்தா நடத்திய ஜவுளிக்கடையை 1964 மார்ச்சில் பர்மாவின் ராணுவ ஆட்சியாளர் நே வினின் அரசு நாட்டுடைமையாக்கியது. அதிகாரிகள் வந்து சரக்கைக் கணக்கெடுத்து, கல்லாப்பெட்டிச் சாவியையும் பேரேட்டையும் வாங்கிக்கொண்டு, பர்மிய மொழியில் முத்திரையிட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார்களாம். மடிப்பெல்லாம் கிழிந்துபோன அந்தத் தாள் இன்றும் எங்கள் பீரோவில் இருக்கிறது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாமல் போகவே, குடும்பம் வெறுங்கையோடு சென்னைக்குக் கப்பலேறியது. நம் அரசு அப்போது எங்களுக்காகப் பேசியதா? வாரிசுகள் இன்று ஏதேனும் செய்ய இயலுமா?

பதில் (மயிலாப்பூர் வழக்கறிஞர்):
பேசியது, ஐயா. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் 1964 செப்டம்பரில் ரங்கூனுக்கே சென்றார். 1965 தொடக்கத்தில் நே வின் டெல்லி வந்தார். இந்தியர் என்பதற்காக எடுக்கவில்லை, எல்லாருடைய கடைகளையும் எடுத்தோம் என்பதே பர்மாவின் நிலைப்பாடு. பொதுநலனுக்காக எடுத்தாலும் தகுந்த இழப்பீடு தரவேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபையின் 1962ஆம் ஆண்டுத் தீர்மானம் கூறுகிறது. ஆனால் அதைக் கேட்டுப் பெறும் இடத்தில்தான் குடிமக்கள் கைவிடப்படுகிறார்கள். தன் குடிமகனுக்காக வாதாடும் அரசு தன்னுடைய உரிமையையே நிலைநாட்டுகிறது என்று 1924இல் மாவ்ரோமாட்டிஸ் வழக்கில் அன்றைய நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் கூறியது. அதன்படி, கோரிக்கையை எழுப்புவதும், பாதியில் விடுவதும், மொத்தத் தொகைக்குச் சமரசம் பேசுவதும் அரசின் விருப்பம். நாம் நேரடியாகப் போய்க் கேட்க முடியாது.

பிடி இருந்தால் பேச்சு பலிக்கும். தன்னிடம் சீனச் சொத்துகளை முடக்கி வைத்திருந்த அமெரிக்கா, சீனா எடுத்துக்கொண்ட அமெரிக்கர்களின் சொத்துகளுக்காக 1979 உடன்பாட்டில் 8.05 கோடி டாலர் பெற்றது. அதுவும் உறுதிசெய்யப்பட்ட இழப்பில் டாலருக்குச் சுமார் 41 சென்ட்தான். 1965 போரில் பாகிஸ்தானிடம் சொத்தை இழந்த இந்தியர்களுக்கு, சரிபார்க்கப்பட்ட தொகையில் 25 சதவீதத்தை நம் அரசே கருணைத்தொகையாகக் கொடுத்தது. ரங்கூனிலிருந்து வந்தவர்களுக்கும் அப்படியொரு நியாயம் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பதில் (தி.நகர், பூர்வீகம் காரைக்குடி):
பர்மாவில் இருந்த எங்கள் குடும்பத்தின் நெல்வயல்கள் அதற்கும் முன்பே, 1948இன் நில நாட்டுடைமைச் சட்டத்தில் சிக்கியவை. 1930களின் விலைவீழ்ச்சியில் கடனுக்கு ஈடாக நிலங்கள் வந்துசேர, செட்டியார்களிடம் இருந்த நிலம் மொத்தம் ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர் ஆனது. கடை பறிபோனபோது உங்கள் தாத்தா எந்த நாட்டுக் குடிமகன் என்று முதலில் பாருங்கள். பர்மியக் குடியுரிமை பெற்றிருந்தால் இந்தியா வாதாடவே இடமில்லை.

வியாசர்பாடி வாசகர்:
நன்றி ஐயா. அவரிடம் இந்தியப் பாஸ்போர்ட்தான் இருந்தது; அதுவும் பத்திரமாக இருக்கிறது.

மயிலாப்பூர் வழக்கறிஞர்:
அப்படியானால் இரண்டையும் ஸ்கேன் செய்து, பர்மிய மொழி அறிந்த ஒருவரிடம் தாளை மொழிபெயர்த்து வாங்குங்கள். பர்மாவிலிருந்து வந்த முதியவர்கள் உங்கள் பகுதியிலேயே இருப்பார்கள். அதன்பின் தாத்தாவின் பெயரில் கோரிக்கை ஏதும் பதிவாகியிருந்ததா, அதன் நிலை என்ன என்று வெளியுறவு அமைச்சகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுங்கள். பழைய கோப்புகளை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றியிருக்கலாம். அங்கேயும் தேடச் சொல்லுங்கள்.