‘ஒரு ராத்திரி ஊறட்டும், ஒண்ணும் ஆகாது’ என்று எழுதிய புண்ணியவானுக்கு

ஈயக்குதிரை:
நம் மன்றத்தின் பக்கத்து விவாதத் திரியில் ஒரு புதுப் பையன், மினியில் (விளையாட்டுக்கான குட்டிப் பொம்மையில்) இருக்கும் பழைய பெயிண்டை எப்படி உரிப்பது என்று கேட்டிருந்தான். அதற்கு நம்ம பகடைப்பித்தன் அருளிய வாக்கு இது: “ஐபிஏ-வில முக்கி ஒரு ராத்திரி ஊறட்டும். காலையில பழைய டூத் பிரஷ்ஷால தேய். பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகாது.” கீழே வரிசையாகக் கட்டைவிரல் தூக்கியிருக்கிறார்கள். யாருக்கும் வயிறு எரியவில்லை போல. எனக்கு எரிகிறது.

இந்த வாக்கை நம்பி நானும் ஒரு மந்திரவாதியை ஐபிஏ என்கிற ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தேன். 99 சதவீதச் சரக்கு, கலப்படம் இல்லை. காலையில் பெயிண்ட் போயிருந்தது, மறுக்கவில்லை. கூடவே கைத்தடியும் தொங்கிப் போயிருந்தது. அங்கியை விரலால் அழுத்தினால் ரப்பர் மாதிரி உள்ளே போகிறது. காய்ந்த பிறகு ஓரமெல்லாம் மயிரிழை வெடிப்பு. இரண்டு வாரம் உட்கார்ந்து நிழலும் ஒளியும் கொடுத்த முகம் அது.

அக்ரிலிக் பெயிண்டுக்கு எதற்கய்யா ராத்திரி? காய்ந்தால் தண்ணீரில் கரையாது, சரி. ஆல்கஹால் பட்டால் படலம் உப்பிச் சுருங்கித் தானே கிளம்பும். அரை மணி. மிஞ்சினால் 2 மணி. ‘ஒரு ராத்திரி’ என்றால் எத்தனை மணி நேரம் என்று எழுதினவரே வந்து சொல்லட்டும்.

பகடைப்பித்தன்:
வாங்கண்ணே. என் பேர்ல தனித் திரியே போட்டாச்சா, சந்தோஷம்.

இதுவரைக்கும் 40 மினிக்கு மேல உரிச்சிருக்கேன். எல்லாமே ராத்திரி போட்டு காலையில எடுத்ததுதான். ஒண்ணுக்காவது மூக்கு கரைஞ்சுதா? காது விழுந்துதா? ராத்திரின்னா ராத்திரி. படுக்கப் போறப்ப போடுவேன், எந்திரிச்சதும் எடுப்பேன். பக்கத்துல ஸ்டாப்வாட்ச் வெச்சுக்கிட்டா தூங்குவாங்க?

மெழுகுப்பொட்டு:
ரெண்டு பேருக்கும் ஒரு கேள்வி. எந்த பிளாஸ்டிக்? பாகங்கள் கோத்து வர்ற பிளாஸ்டிக் சட்டத்துல இருந்து வெட்டி ஒட்டுற கெட்டி பாலிஸ்டைரீனா, போர்டு கேம் பெட்டியில வர்ற வளையுற பிவிசியா, அச்சுல வார்த்த ரெசினா (திரவமா ஊத்தி இறுக வைக்கிறது), 3டி பிரிண்டர்ல எடுத்த ரெசினா? நாலுக்கும் நாலு குணம்.

ஈயக்குதிரை:
கேள்வி அது இல்லை மேடம். கேள்வி ‘ராத்திரி’.

பகடைப்பித்தன்:
7 மணி நேரம். போதுமா?

ஈயக்குதிரை:
ஞாயிற்றுக்கிழமை?

பகடைப்பித்தன்:
ஞாயித்துக்கிழமை 10.

ஈயக்குதிரை:
ஆக 7-ம் ஒரு ராத்திரி, 10-ம் ஒரு ராத்திரி. மூன்று மணி நேர வித்தியாசம். இதைத்தான் புதுப் பையனுக்குச் செய்முறை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குட்டிராட்சசன்:
நீங்க ராத்திரிக் கணக்கு போடுங்க. நான் அக்காவோட நெயில் பாலிஷ் ரிமூவர்ல ஆறு குதிரை வீரர்களைப் போட்டேன். பத்தே நிமிஷம். எது குதிரை எது வீரன்னு தெரியல. பெயிண்ட் மட்டும் சூப்பரா போயிருச்சு 😂

மெழுகுப்பொட்டு:
அதுல அசிட்டோன் இருந்திருக்கும். பாலிஸ்டைரீனை அசிட்டோன் அப்படியே இளக்கிடும். அதனாலதான் கேக்குறேன், எந்த பிளாஸ்டிக்?

பழம்பெட்டி:
தம்பிமார்களா, உலோகத்தில் செய்ததை வாங்கியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை. அசிட்டோனில் ஒரு மணி நேரம் போடுங்கள், பெயிண்ட் தோலோடு கழன்று வரும். கை கால் ஒட்டின சூப்பர் க்ளூவும் சேர்ந்து கழலும், மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். என்னிடம் 80-களின் ஈய வீரர்கள் இருக்கிறார்கள். இதுவரை மூன்று முறை உரித்திருக்கிறேன். அச்சில் இருந்து நேற்று இறங்கியவர்கள் போல நிற்கிறார்கள்.

குட்டிராட்சசன்:
ஐயா, ஈயம்னா காரீயமா வெள்ளீயமா? காரீயம்னா அந்தக் கையோட கண்ணைத் தேய்க்காதீங்க 😅

பழம்பெட்டி:
இரண்டும் கலந்ததுதான். அந்தக் காலத்து வார்ப்பில் காரீயம் கணிசமாக இருக்கும். 90-களில் பெரிய நிறுவனங்கள் காரீயத்தை விட்டு வெள்ளீயக் கலவைக்கு மாறின. பழையதை உரிக்கும்போது கையுறை போடுங்கள், தேய்த்த தூளை ஊதாதீர்கள், வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். சாயம் போன காரீய வீரர்களை மர அலமாரியில் பூட்டியும் வைக்காதீர்கள். சில மரங்களில் இருந்து வரும் அமில ஆவி பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்தப் பூப்பு பிடித்தால் மூக்கு முழி எல்லாம் அரித்துப் போகும். ஆல்கஹாலும் ராத்திரியும் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பகடைப்பித்தன்:
அப்ப ஈயக்குதிரை அண்ணன் எந்த ஈயம்? குதிரை வாங்கின காலத்தைச் சொன்னா நாங்களே கண்டுபிடிச்சிருவோம்.

ஈயக்குதிரை:
பெயரை வைத்துக் கேலி செய்யும் அளவுக்கு வந்துவிட்டதா விவாதம்? நான் முதல் முதலாகப் பெயிண்ட் அடித்தது ஒரு ஈயக் குதிரைக்கு. அந்த நன்றியில் வைத்த பெயர். காரீயமா வெள்ளீயமா என்று உரசிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சிலர் கையில் முதல் பிரஷ் வந்தபோது அடித்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும்.

பகடைப்பித்தன்:
ஈயத்தைப் பார்த்து இளிச்சதாம் பித்தளை. இப்பத்தான் புரியுது, இது ராத்திரி சண்டை இல்ல, டிராகன் சண்டை. போன வருஷப் போட்டியில என் டிராகனுக்குப் பத்துக்கு நாலு போட்டவர் இவர்தான். அன்னைக்குக் கேட்டேன், காரணம் சொல்லல.

ஈயக்குதிரை:
காரணம் அன்றே எழுதினேன். செதில் தெரியவில்லை. பெயிண்டைத் தண்ணீர் கலந்து இளக்காமல் டப்பாவில் இருந்து நேராக அப்பியிருந்தீர்கள். ப்ரைமர் என்ற அடிப்பூச்சின் மேல் மூன்று கோட்டு, அதன் மேல் வார்னிஷ், அதற்கு மேல் இன்னொரு கோட்டு. உரித்து எடுக்க ஒரு ராத்திரி தேவைப்பட்டதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் பெயிண்டுக்கு ஒரு வாரமே ஆகும்.

குட்டிராட்சசன்:
அடி!!!

புதுத்தூரிகை:
வணக்கம் அண்ணன்களே. பக்கத்துத் திரியில கேட்ட புதுப் பையன் நான்தான். பழசா ஒரு பெட்டி வாங்கினேன், 12 மினி இருக்கு. பெயிண்ட் ரொம்பத் தடிப்பு, பளபளப்பா எண்ணெய் மாதிரி இருக்கு. எந்தப் பொருள்ல செஞ்சதுன்னு தெரியல. ராத்திரி போடலாமா, வேண்டாமா?

பகடைப்பித்தன்:
போடு தம்பி. நான் இருக்கேன்.

ஈயக்குதிரை:
போடாதே. அரை மணி.

மெழுகுப்பொட்டு:
தம்பி, ரெண்டும் வேண்டாம், முதல்ல என்னன்னு கண்டுபிடிங்க. கையில எடுத்தா கனமா, ஜில்லுன்னு இருந்தா உலோகம். வாளு, ஈட்டி வளைஞ்சு தானே நிமிர்ந்தா பிவிசி மாதிரி மெத்துப் பிளாஸ்டிக். கெட்டியா இருந்தா, காலுக்கு அடியில கண்ணுக்குத் தெரியாத இடமாப் பார்த்து பெயிண்டைச் சுரண்டிட்டு பிளாஸ்டிக் சிமெண்ட் (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டுற பசை) ஒரு பொட்டு வைங்க. பாலிஸ்டைரீன்னா இளகிப் பிசுபிசுக்கும். ரெசின்னா கம்முனு இருக்கும். பளபளன்னு எண்ணெய் மாதிரின்னா எனாமலா இருக்கலாம். அது காத்துல இருக்குற ஆக்சிஜனோட சேர்ந்து இறுகுற பெயிண்ட், ஐபிஏ லேசில அசைக்காது.

ஈயக்குதிரை:
தகவலுக்கு நன்றி மேடம். ஆனால் திரி திசை மாறுகிறது. பகடைப்பித்தன் சொல்வது முதல் தடவை இல்லை என்பதால் ஒன்றைப் பதிவு செய்கிறேன். இதற்கு முன் இதே நபர் டெட்டால் வைத்தியம் சொன்னார். பழுப்பு டெட்டாலில் ஊறப் போட்டு, எடுத்துக் குழாயடியில் தேய்க்கச் சொன்னார். செய்தவர்களுக்கு நடந்தது என்ன? தண்ணீர் பட்ட அடுத்த நொடி பெயிண்ட் எல்லாம் தார் மாதிரித் திரண்டு மினியிலும் பிரஷ்ஷிலும் விரலிலும் அப்பிக்கொண்டது. டெட்டாலில் தேய்ப்பதென்றால் டெட்டாலை வைத்தே தேய்க்க வேண்டும். பெயிண்ட் முழுக்கப் போன பிறகு, கடைசியில்தான் சோப்பும் தண்ணீரும். இது எல்லோருக்கும் தெரிந்த பாலபாடம். அன்று குழாய். இன்று ராத்திரி.

பகடைப்பித்தன்:
குழாய்னு நான் எழுதல. ‘கழுவு’ன்னு எழுதினேன். கழுவுறதுன்னா குழாயா? பிரிச்சுப் படிக்கத் தெரியாதவங்க தார் பூசிக்கிட்டா நான் பொறுப்பா?

ஈயக்குதிரை:
கழுவுவதை எதில் கழுவுவார்கள்? காற்றிலா?

பகடைப்பித்தன்:
டெட்டால்லயே கழுவலாம். நீங்களே இப்ப சொன்னீங்க.

ஈயக்குதிரை:
நான் ‘தேய்க்க’ என்றேன். ‘கழுவ’ என்று சொல்லவில்லை.

பழம்பெட்டி:
உலோகம் வாங்குங்கள் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

குட்டிராட்சசன்:
ஒரு ஐடியா. கண்ணாடி கழுவுற அல்ட்ராசோனிக் மெஷின் இருக்குல்ல? அதுல ஐபிஏ ஊத்தி ஆன் பண்ணா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுரும். ராத்திரியும் வேண்டாம், அரை மணியும் வேண்டாம்.

மெழுகுப்பொட்டு:
தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. ஐபிஏ-வோட ஆவி 12 டிகிரி செல்சியஸ்லயே ஒரு பொறி பட்டா பத்திக்கும். மெஷின் ஓடினா சூடும் ஏறும். தொட்டியில நேரா ஆல்கஹாலே ஊத்தக்கூடாது. சும்மா ஊறப் போடுறப்பவும் மூடி போட்ட டப்பா, திறந்த ஜன்னல், பக்கத்துல அடுப்போ விளக்கோ இல்லாம பார்த்துக்கணும்.

அப்புறம் ஈயக்குதிரை சார், மூணாவது தடவையா கேக்குறேன். உங்க மந்திரவாதி எதுல செஞ்சது?

ஈயக்குதிரை:
பிளாஸ்டிக்.

மெழுகுப்பொட்டு:
சட்டத்துல இருந்து வெட்டினீங்களா?

ஈயக்குதிரை:
இல்லை. ஒரே துண்டாக வந்தது. சாம்பல் நிறம். நண்பர் ஒருவர் கொடுத்தார்.

மெழுகுப்பொட்டு:
நண்பர் வீட்டுல பிரிண்டர் இருக்கா?

ஈயக்குதிரை:
இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பகடைப்பித்தன்:
ஆஹாஹாஹா. பிரிண்ட் எடுத்த ரெசினை ராத்திரி முழுக்க ஆல்கஹால்ல போட்டுட்டு என்னை வந்து திட்டுறாரு! பிரிண்ட் எடுத்ததும் சில நிமிஷம் ஐபிஏ-வில அலசிட்டு எடுத்துடணும்னு அந்த ரெசின் பாட்டில்லயே போட்டிருப்பானே. ரொம்ப நேரம் கிடந்தா உப்பும், வெடிக்கும். ஊரறிஞ்ச விஷயம். அண்ணே, டிராகனுக்குப் போட்ட நாலு மார்க்கைத் திருத்துங்க முதல்ல.

ஈயக்குதிரை:
நிதானம். நீங்கள் எழுதியதை நானே மறுபடி எடுத்துப் போடுகிறேன்: “பிளாஸ்டிக்குக்கு ஒண்ணும் ஆகாது.” பாலிஸ்டைரீனுக்கு என்று எழுதினீர்களா? இல்லை. ரெசினைத் தவிர என்று எழுதினீர்களா? அதுவும் இல்லை. ரெசினும் பிளாஸ்டிக்தான், வேதியியல் தெரிந்தவர்கள் யாரையும் கேட்டுப் பாருங்கள். புதிதாக வருகிறவனுக்கு எது பாலிஸ்டைரீன், எது ரெசின் என்று எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை. அதாவது, அந்த நேரத்தில் பார்க்கத் தோன்றவில்லை. அது முக்கியமும் இல்லை.

வார்ப்பு ரெசின் மட்டும் என்ன ஒழுங்கு? 2011-ல் மினி தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் உலோகத்தில் வார்த்துக்கொண்டிருந்த பல மாடல்களை ஃபைன்காஸ்ட் என்ற ரெசினுக்கு மாற்றியது. ஒரே வீரன் உலோகத்திலும் இருப்பான், ரெசினிலும் இருப்பான். பெயிண்ட் அடித்துவிட்டால் படத்தில் இரண்டும் ஒன்றுதான். ஒருவர் அசிட்டோன் என்கிறார், ஒருவர் ராத்திரி என்கிறார். ரெசின் வைத்திருப்பவன் எதை நம்புவான்? ஆகவே நான் சொன்ன 2 மணி நேரம்தான் எல்லோருக்கும் பொது. ராத்திரி என்பது ஒரு அளவே இல்லை.

மெழுகுப்பொட்டு:
2 மணி நேரமும் பொது இல்ல. ரெசின்னா அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கணும். பாலிஸ்டைரீன் ராத்திரி தாங்கும். எனாமலுக்கு 2 மணி நேரம் பத்தவே பத்தாது. நான் ஆரம்பத்துல இருந்தே...

ஈயக்குதிரை:
மேடம், நீங்களும் இப்போது ‘ராத்திரி’ என்கிறீர்கள். எத்தனை மணி?

பகடைப்பித்தன்:
பாருங்க, மேடமும் ராத்திரிதான் சொல்றாங்க. முடிஞ்சுது கதை.

பழம்பெட்டி:
என் கேள்வி ஒன்றுக்கும் யாரும் பதில் சொல்லவில்லை. சூப்பர் க்ளூவில் ஒட்டின கையை உடையாமல் எடுக்க ஃப்ரீஸரில் வைக்கலாமா? குளிரில் அந்தப் பசை நொறுங்கும் என்கிறார்கள்.

குட்டிராட்சசன்:
நீங்க அப்படி ஒரு கேள்வியே கேக்கல ஐயா.

பழம்பெட்டி:
இப்போது கேட்டேனே.

பகடைப்பித்தன்:
நொறுங்கும் ஐயா, நான் பண்ணியிருக்கேன். ராத்திரி வெச்சு காலையில எடுங்க.

ஈயக்குதிரை:
மறுபடியும் ராத்திரி!!

புதுத்தூரிகை:
அண்ணே, சண்டை போடாதீங்க. நான் ஒரு மினியை மட்டும் ஐபிஏ-வில போட்டு மூடி வெச்சிருக்கேன். 9:40-க்குப் போட்டேன். எப்ப எடுக்கட்டும்?

ஈயக்குதிரை:
10:10-க்கு ஒரு முறை பார். 11:40-க்கு எடுத்துவிடு.

பகடைப்பித்தன்:
நீ போய்ப் படு தம்பி. காலையில எடுத்துக்கலாம்.

மெழுகுப்பொட்டு:
சிமெண்ட் பொட்டு வெச்சுப் பார்த்தீங்களா? எந்த பிளாஸ்டிக்?

ஈயக்குதிரை:
11:40.