மாமா வீட்டு குரூப்: 504-ஆம் பிரிவைப் பத்தி

கார்த்தி: மாமா, அமெரிக்காவுல மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1990-லதானே வந்துச்சு? பாப்பா ப்ராஜெக்ட்டுக்கு 1977-ல மாற்றுத்திறனாளிங்க நடத்தின உள்ளிருப்புப் போராட்டத்தை எழுதச் சொல்றீங்களே?

சுந்தரம் மாமா: அதுக்கு முன்னாடியே 1973-ல மறுவாழ்வுச் சட்டம் இருக்குப்பா. அதுல 504-ஆம் பிரிவு. மத்திய அரசு பணம் வாங்குற பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ உடல் குறையைக் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது.

மீனா அக்கா: ஆனா விதிமுறை இல்ல. சாய்தளம் யார் கட்டணும், எப்போக்குள்ள, கட்டலைன்னா என்ன? விதி கையெழுத்தாகாம பிரிவு வெறும் காகிதம். 1976-ல கோர்ட் சொல்லியும் நகரல.

கார்த்தி: ஏன்க்கா?

மாமா: செலவுன்னு பயம். 1977-ல ஜனாதிபதி கார்ட்டர் அமைச்சரவையில சுகாதாரம், கல்வி, நலத்துறை அமைச்சரா வந்த கலிஃபானோ விதியைத் திரும்பப் பார்க்கணும்னார். பார்க்குற சாக்குல விதியை நீர்த்துப் போக வச்சிடுவாங்கன்னு புரிஞ்சது. மாற்றுத்திறனாளிங்க ஏப்ரல் 4 வரைக்கும் கெடு குடுத்தாங்க. 5-ந்தேதி பல ஊர்ல அந்தத் துறை ஆபீசுக்குள்ள போய் உட்கார்ந்துட்டாங்க.

அக்கா: வாஷிங்டன்ல சாப்பாட்டை உள்ள விடல, மறுநாளே முடிஞ்சுது. சான் பிரான்சிஸ்கோவுல மட்டும் மூணு வாரத்துக்கு மேல. அங்க போராட்டத்தை நடத்தின ஜூடி ஹ்யூமன், கிட்டி கோன் எல்லாம் முன்கூட்டியே சாப்பாட்டுக்கு, மருந்துக்கு, பத்திரிகைக்குன்னு குழு பிரிச்சிருந்தாங்க.

கார்த்தி: சாப்பாடு எங்க இருந்து?

அக்கா: கறுப்பின மக்கள் உரிமைக்குப் போராடின பிளாக் பாந்தர் கட்சி தினமும் சூடா சமைச்சுக் கொண்டு வந்தாங்க. அவங்க ஆளு பிராட் லோமாக்ஸ் சக்கர நாற்காலியில உள்ள இருந்தார்.

மாமா: போனைத் துண்டிச்சப்போ காது கேளாதவங்க ஜன்னல்ல நின்னு சைகையில வெளிய பேசினாங்க. குளிர்ல வைக்க வேண்டிய மருந்துக்கு ஏசி மேல ஒரு பெட்டியை டேப் போட்டு ஒட்டி ஃபிரிட்ஜ் பண்ணினாங்க. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது, பாப்பா கண்டிப்பா எழுதட்டும்.

அக்கா: அப்புறம் ஒரு குழு வாஷிங்டன் போச்சு. இயந்திரத் தொழிலாளர் சங்கம் லாரி ஏற்பாடு பண்ணுச்சு, சக்கர நாற்காலியோட பின்னாடி ஏறிக்கிட்டாங்க. கலிஃபானோ வீட்டு வாசல்லயே மெழுகுவர்த்தியோட நின்னாங்க. ஏப்ரல் 28, அவர் விதியில கையெழுத்து போட்டார்.

கார்த்தி: அப்போ 1990 எதுக்கு?

மாமா: 504 முக்கியமா மத்திய அரசுப் பணம் வாங்குற இடத்தைத்தான் தொடும். தனியார் கடை, தியேட்டர், ஓட்டல், வேலை தர்ற கம்பெனி எல்லாம் 1990 சட்டத்துலதான் உள்ள வந்துச்சு. "நியாயமான வசதி செஞ்சு தரணும்"ங்குறதை 504 விதிகள்ல இருந்துதான் எடுத்துக்கிட்டாங்க.